ராஸ்பெரி பை 400: ஏழாம் வகுப்புப் பிள்ளை தனியாகச் செட்டப் செய்ய முடியுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேகம் எவ்வளவு, எத்தனை டேப் திறந்தால் திணறுகிறது என்று அளந்து பார்த்த ரிவ்யூ இல்லை இது. கணினியைத் தானாகச் செட்டப் செய்து பழக்கமே இல்லாத ஒருவர் பெட்டியைப் பிரித்ததிலிருந்து திரையில் உருப்படியாக ஒரு வேலை செய்கிற வரைக்கும் என்ன பாடு படுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியது. நான் கை வைக்கக் கூடாது, கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம், இதுதான் நிபந்தனை. பாடுபட்டது இரண்டு பேர். அக்கா மகள், ஏழாம் வகுப்பு, அவளுக்கு ராஸ்பெரி பை 400 கிட். அப்பா, தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு விண்டோஸ் 11 லேப்டாப். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் பழைய லேப்டாப்பை ஓரம் கட்டிவிட்டுப் புதிது வாங்கினோம். அதன் பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் நான் பார்த்தவரை எந்த பிராண்டிலும் கதை பெரிதாக மாறுவதில்லை.

பை 400 தெரியாதவர்களுக்கு: பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும், வெள்ளையும் ராஸ்பெரி பழச் சிவப்புமாக. மொத்தக் கணினியும் அதற்குள்ளேயே. 4 ஜி.பி. ரேம், பின்பக்கம் வரிசையாகப் போர்ட்டுகள். 2020 நவம்பரில் வந்தபோது கீபோர்டு மட்டும் 70 டாலர், மவுஸ், சார்ஜர், கேபிள், மெமரி கார்டு, ஒரு புத்தகம் எல்லாம் சேர்ந்த கிட் 100 டாலர். நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் கூடத்தான் ஆகிறது. இதன் அண்ணன் பை 500, 2024 டிசம்பரில் வந்தது, வேகம் அதிகம், ஆனால் செட்டப் திரைகள் கிட்டத்தட்ட இதேதான். எண்பதுகளில் பிரிட்டனில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இருந்த பிபிசி மைக்ரோவும் இப்படிக் கீபோர்டுக்குள்ளேயே கணினி வைத்ததுதான், டிவியில் சொருகினால் போதும். கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க வருகிற பிள்ளைகள் குறைந்துகொண்டே போவதைப் பார்த்து எபன் அப்டனும் நண்பர்களும் ஆரம்பித்ததுதான் ராஸ்பெரி பை என்பதால், இந்த வடிவத்துக்கு அவர்கள் திரும்பி வந்ததில் ஆச்சரியமில்லை.

சரி, பெட்டி. மே மாத லீவு, மத்தியானம், ஹாலில் டிவிக்கு முன்னால் தரையில் எல்லாவற்றையும் பரப்பியாயிற்று. சொருக வேண்டியது நான்கே நான்கு: கார்டு, மவுஸ், டிவி கேபிள், கரண்ட். இதில் டிவி கேபிள்தான் படுத்தியது. ஒரு முனை நமக்குத் தெரிந்த பெரிய எச்.டி.எம்.ஐ., இன்னொரு முனை மைக்ரோ எச்.டி.எம்.ஐ., விரல் நகம் அளவுதான் இருக்கும், மேலும் கீழும் வித்தியாசம் சட்டென்று தெரியாது. "மாமா, போக மாட்டேங்குது" என்று தலைகீழாக வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஆனால் நிபந்தனை நிபந்தனைதான், "வெளிச்சத்துல வெச்சு ரெண்டு வடிவத்தையும் பாரும்மா" என்று மட்டும் சொன்னேன். பார்த்தாள், திருப்பினாள், போய்விட்டது. அப்புறம் ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள், எதில் சொருகுவது? மெமரி கார்டுக்குப் பக்கத்தில் இருப்பதில். புத்தகத்தில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள், அவளே கண்டுபிடித்தாள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காசு மிச்சம் என்று கீபோர்டை மட்டும் வாங்கி, கேபிளைத் தனியாக வாங்கப் போகாதீர்கள். போன வருடம் நண்பர் ஒருவருக்காக நான் அப்படிச் செய்தேன். கடையில் "மைக்ரோ எச்.டி.எம்.ஐ. தானே சார்" என்று அடித்துச் சொல்லிக் கொடுத்தது மினி எச்.டி.எம்.ஐ., இரண்டும் வேறு வேறு. திரும்பக் கொண்டுபோனால் பிரித்ததை மாற்ற மாட்டோம் என்றார்கள். அந்தக் கேபிள் இன்னும் என் டிராயரில் தூங்குகிறது.

கரண்ட்டைக் கடைசியில் சொருக வேண்டும், சொருகியதுமே உயிர் வந்துவிடும், சுவிட்ச் தேட வேண்டியதில்லை. முதலில் நாடு, மொழி, நேரம். இந்தத் திரையில் அவசரப்படாதீர்கள், ஏனென்றால் தானாக நிற்பது யுனைடெட் கிங்டம். என்னுடைய முதல் ராஸ்பெரி பையில் இதைக் கவனிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அடித்துவிட்டுப் போனேன். பிறகு ஈமெயில் முகவரி அடிக்க ஷிஃப்ட்டும் 2ம் அழுத்தினால் அட் குறிக்குப் பதில் மேற்கோள் குறி வருகிறது, கீபோர்டே பழுது என்று அரை மணி நேரம் நொந்துகொண்டேன். பிரிட்டிஷ் கீபோர்டில் இரண்டும் இடம் மாறி இருக்கும், அவ்வளவுதான் விஷயம். இவள் இந்தியாவைத் தேடி எடுத்தாள், அமெரிக்கக் கீபோர்டு என்ற கட்டத்தையும் டிக் செய்தாள், பிரச்சினையே வரவில்லை.

அடுத்து பயனர் பெயர், பாஸ்வேர்டு. ஒரு காலத்தில் உலகத்தில் உள்ள எல்லா ராஸ்பெரி பைக்கும் பெயர் பை, பாஸ்வேர்டு ராஸ்பெரி, அப்படியேதான் வரும். 2022 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது நீங்களே வைத்தாக வேண்டும். நல்ல முடிவு. பாஸ்வேர்டைப் புள்ளிகளாக மறைக்கிற டிக்கை எடுத்துவிட்டால் அடிப்பது கண்ணுக்குத் தெரியும், புதியவர்களுக்கு இந்த ஒரு சின்ன விஷயம் எவ்வளவு உதவி என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும். அப்புறம் வைஃபை, பிரவுசர் குரோமியமா ஃபயர்பாக்ஸா, பிறகு அப்டேட். அப்டேட்டுக்கு எங்கள் வீட்டு நெட்டில் இருபத்தைந்து நிமிடம், அவள் சாப்பிடப் போய்விட்டாள். ரீஸ்டார்ட். முடிந்தது.

எனக்குப் பிடித்தது, கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பிள்ளையிடம் பதில் இருந்தது. எந்த நாடு, உன் பெயர் என்ன, வீட்டு வைஃபை எது. ஈமெயில் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை. வைஃபையும் அப்டேட்டும் வேண்டாமென்றால் ஸ்கிப் என்று ஒரு பட்டன், மற்ற பட்டன்களின் அளவிலேயே, அவற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்டி திறந்ததில் இருந்து தோனி என்கிற நிரல் எழுதும் செயலியில் தன் பெயரை நூறு தடவை திரையில் ஓடவிட்டது வரை, சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம் பத்து நிமிடம்.

இப்போது அப்பா.

உண்மையில் அந்த லேப்டாப்பைக் கடையிலேயே "செட்டப் பண்ணித் தர்றோம் சார்" என்று ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரம் கழித்து நான் ஊருக்குப் போனபோது அமைப்புகளைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது முன்பின் தெரியாத ஒரு ஈமெயில். கடைக்காரப் பையன் அவசரத்துக்குக் கடையின் ஐடியையே போட்டிருக்கிறான், அப்பாவுக்குப் பாஸ்வேர்டும் தெரியாது, கேட்டால் அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. விண்டோஸ் 11இல், குறிப்பாக 2024இல் வந்த 24எச்2 பதிப்பில் இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாகச் செட்டப் செய்தால் பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கிற 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காரும். திருடு போனால் பாதுகாப்பு, நல்லதுதான். ஆனால் நாளைக்கு மதர்போர்டு மாற்றி அந்த 48 இலக்கத்தைக் கேட்டால், அது இருப்பது கடையின் கணக்கில். அப்பாவின் பென்ஷன் கோப்புகளும் பேத்தியின் போட்டோக்களும் அவ்வளவுதான். கடையில் செட்டப் செய்து வாங்கியவர்கள் இதைப் படித்து முடித்ததும் ஒரு தடவை உள்ளே யாருடைய ஈமெயில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

எனவே போட்டோக்களைப் பென்டிரைவில் எடுத்துவிட்டு, லேப்டாப்பை முழுசாக ரீசெட் செய்து, அப்பா கையில் கொடுத்தேன். "நீங்களே செய்ங்கப்பா, நான் இங்கேதான் இருக்கேன்."

நாடு, கீபோர்டு, வைஃபை வரை மளமளவென்று போனார். அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கு. வீட்டு லேப்டாப்களில் வழக்கமாக வருகிற விண்டோஸ் ஹோம் பதிப்பில் இணையமும் இந்தக் கணக்கும் இல்லாமல் நேர்வழியில் மேலே போக முடியாது. புதுக் கணக்கு, பாஸ்வேர்டு, ஓடிபி. ஓடிபி வந்தபோது போன் பூஜை அறையில், கண்ணாடி வேறெங்கோ. கண்ணாடி கிடைத்து எண்ணை அடித்தபோது அது காலாவதி. இரண்டாம் தடவையில் சரியாகிவிட்டது.

அப்புறம் அந்தத் திரை. "டேய், இது பின் கேக்குதுடா" என்றார். லேப்டாப்பைத் திறக்க ஒரு எண் வைக்கச் சொல்கிறது. முப்பத்தைந்து வருடம் தபால் துறையில் இருந்தவரிடம் பின் என்றால் என்ன செய்வார்? ஆறு இலக்கம் அடித்தார். லேப்டாப்பும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. "எந்த ஊருன்னு கேக்கவே இல்லையே" என்று அவருக்குத்தான் சந்தேகம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் சோதனை. இருக்கும் இடம் தெரியலாமா, டயக்னாஸ்டிக் தரவு எவ்வளவு அனுப்பலாம், விளம்பர ஐடி வேண்டுமா, கோப்புகளை மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் ஏற்றலாமா (இலவசம் 5 ஜி.பி.தான், பேத்தி போட்டோவுக்கே போதாது), அடுத்து லேப்டாப் கம்பெனியின் சொந்தப் பதிவுப் படிவம், முப்பது நாள் ஆன்ட்டிவைரஸ். நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தேன், திரைகள் இருபதைத் தாண்டின. அப்பா ஒவ்வொன்றையும் அரசாங்கப் படிவம் மாதிரி முழுசாகப் படித்தார். படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன். "வேண்டாம்னா மேல போக விடுமோ என்னமோ" என்றார். எனக்கு அந்தப் பதிலைத் தாண்டி யோசிக்கவே முடியவில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியும், படித்ததும் புரிந்தது. இவற்றில் எது லேப்டாப் ஓடுவதற்குத் தேவை, எது யாரோ விற்பதற்காகக் கேட்பது என்பது மட்டும்தான் தெரியவில்லை. நமக்கு அது வருடக்கணக்கில் பழகி வந்த புத்தி, அதைத் திரையில் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வேண்டாம் என்பதற்கான இடம் கம்பெனிப் படிவத்தில் மட்டும் எங்கே இருந்தது தெரியுமா? வலது மூலையில், சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு, அதில் பாதி அப்டேட் சுற்றிக்கொண்டிருந்த நேரம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். செட்டப் முடிந்த பிறகு தமிழ் அடிக்க வேண்டுமென்றால் விண்டோஸ்தான் சுலபம். மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 கீபோர்டு, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு இரண்டும் உள்ளேயே இருக்கின்றன, அப்பா அன்று சாயங்காலமே தம்பிக்குத் தமிழில் மெயில் அடித்தார். ராஸ்பெரி பையில் அதற்குத் தனியாக மென்பொருள் நிறுவி, மீண்டும் லாகின் செய்து, கீபோர்டைத் தேடிச் சேர்த்து என்று வேலை இருக்கிறது. கருப்புத் திரையில் கட்டளை அடிக்கப் பயப்படுபவர்கள் யாரையாவது கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். பையோடு வரும் புத்தகமும் ஆங்கிலம்தான்.

பை 400இல் இன்னும் சில குறைகள். காமிரா, மைக் கிடையாது, ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கினால் வெப்கேம் தனிச் செலவு. பிளக்கைப் படக்கென்று பிடுங்கினால் கார்டில் இருப்பது கெட்டுப்போக வாய்ப்பு உண்டு, மெனுவில் போய் அணைக்க வேண்டும், பிள்ளைக்கு இதை நான்கு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வங்கி வேலை, பிரிண்டர், ஆபீஸ் கோப்புகள் என்று போகிற அப்பா மாதிரி ஆட்களுக்கு இதை வாங்கிக் கொடுக்க மாட்டேன், அவர்களுக்கு லேப்டாப்பே இருக்கட்டும், முதல் நாள் மட்டும் வீட்டில் யாராவது பக்கத்தில் உட்காருங்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் கணினி என்றால் தயங்காமல் கிட்டாகவே வாங்கலாம்.

ஆனால் டிவி ஒன்றுதான் இருக்கிறது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சரியாக ஏழு மணிக்கு அக்கா வந்து சீரியலுக்காகக் கேபிளைப் பிடுங்கினாள். மூன்றாம் நாள் வீட்டில் சண்டை, நான்காம் நாள் நான் போய் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குப் பழைய மானிட்டர் ஒன்று வாங்கி வந்தேன். அதில் ஸ்பீக்கர் இல்லை. பை 400இல் ஹெட்போன் ஓட்டையும் கிடையாது, சத்தம் வழக்கமாக எச்.டி.எம்.ஐ. வழியாகப் போகும். "மாமா, படம் ஓடுது, சத்தம் வரல" என்று வந்து நின்றாள். இப்போதைக்கு அக்காவின் புளூடூத் ஸ்பீக்கரை இணைத்துக் கொடுத்திருக்கிறேன், அக்காவுக்கு இன்னும் தெரியாது.