ஆன்லைன் நட்சத்திர மதிப்பீட்டை நம்பி எக்கோ சவுண்டர் வாங்காதீர்கள், எங்களுக்கு 18,500 ரூபாய் போச்சு

மண்டபம், பாம்பன் பக்கம் படகு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஆன்லைனில் எதையும் வாங்குங்கள். அண்ணனின் விசைப்படகுக்கு, கடலின் ஆழம் காட்டும் எக்கோ கருவி வாங்கியதில் 18,500 ரூபாய் போய்விட்டது. வயிறு எரிகிறது.

எல்லாப் பொருளும் விற்கிற பெரிய ஆன்லைன் கடை அது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகு வேலை பார்த்தபோது, "நாலு பேரு என்ன எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லு தாயி" என்றார் அண்ணன். பார்த்தேன். நாலரை நட்சத்திரம், ஆயிரத்துக்கும் மேல் கருத்துகள். தூத்துக்குடிக்காரர் ஒருவர் தமிழிலேயே எழுதியிருந்தார்: இரண்டு வருடமாகக் கடலில் பயன்படுத்துகிறேன், ஆழம் பிசகாமல் காட்டுகிறது என்று. கடல் தொழில் செய்கிறவர் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் கேள்வி கிடையாது. அந்த வரியைப் படித்துக் காட்டியதும் அண்ணன் பணத்தைக் கட்டச் சொல்லிவிட்டார்.

ஜூன் 14-ல் தடை முடிந்து கடலுக்குப் போனபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. வடகடலில் ஈயம் கட்டிக் கயிறு விட்டால் ஆறு பாகம் (ஒரு பாகம் ஆறடி). கருவி இரண்டு என்று காட்டி, அப்புறம் அணைந்தே போனது.

அன்று இரவு கருத்துகளை அடிவரை படித்தேன். "பேஸ் சூப்பர்", "காது வலிக்கவில்லை". எல்லாம் ஹெட்போனுக்கு வந்த பாராட்டு! அதே பக்கத்தில் படத்தையும் பெயரையும் மாற்றி எக்கோ விற்றிருக்கிறார்கள், பழைய நட்சத்திரம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எக்கோ பற்றிய முதல் கருத்தே இந்த ஏப்ரலில்தான் வந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த இரண்டு வருடம் எங்கிருந்து வந்தது?

கடையைக் கேட்டால், திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது, விற்பனையாளரைக் கேளுங்கள் என்றார்கள். தடைக்காலத்தில் கடலில் இறக்கிப் பார்க்க முடியாது என்று சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. விற்பனையாளரோ, தண்ணீர் பட்டால் வாரண்டி கிடையாது என்கிறார். ஆழம் பார்க்கிற கருவியை வேறு எதில் இறக்குவது? ஒற்றை நட்சத்திரம் போட்டு நான் எழுதிய கருத்தை வெளியிடவே இல்லை. 18,500 ரூபாய், ஒரு பைசா திரும்பவில்லை.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்பனையாளர் வாங்கியவர் போல் நடித்துக் கருத்து எழுதக் கூடாது. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கவும் கூடாது.

வாங்குமுன் பழைய கருத்துகளைப் பாருங்கள், வேறு பொருளைப் பற்றி இருந்தால் விட்டுவிடுங்கள். தேதிகளையும் பாருங்கள். தடைக்காலத்தில் வாங்கவே வாங்காதீர்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், ராமநாதபுரத்திலேயே, வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. நாங்கள் போடப்போகிறோம்.