கஞ்சமலை இரும்பு தோசைக்கல்: கல் நல்ல கல், சீட்டுதான் புளுகு

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் வாங்கிய 12 அங்குல வார்ப்பிரும்பு தோசைக்கல் இது. நல்ல கனம், சூடு ஓரம் வரை ஏறுகிறது, வடிகஞ்சியில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு நல்லெண்ணெய் தடவிப் பழக்கிய பிறகு தோசை ஒட்டவே இல்லை. ஊத்தப்பம் இன்னும் அருமை.

ஆனால் கூடவே ஒரு சீட்டு வைத்திருக்கிறார்கள்: 'கஞ்சமலைத் தாதுவில், முன்னோர் முறைப்படி வார்த்தது'. அதற்காகவே பக்கத்தில் இருந்த சாதாரணக் கல்லைவிட முந்நூறு ரூபாய் கூடுதல்.

சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கஞ்சமலையில் இரும்புத் தாது இருப்பது உண்மைதான், வெங்கச்சங்கல்லோடு (குவார்ட்ஸ்) பின்னிக் கிடக்கும் மேக்னடைட். அந்தக் காலத்தில் அதை இடித்து, புடைத்தோ தண்ணீரில் அலசியோ கல்லைப் பிரித்துவிட்டு, ஆள் உயரம்கூட இல்லாத மண் உலையில் மரக்கரியோடு மாற்றி மாற்றிப் போட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் மணிக்கணக்கில் ஊதுவார்கள். அந்தச் சூட்டில் இரும்பு உருகி ஓடாது, கசடு கலந்த கட்டியாகத்தான் வரும், அதைச் சம்மட்டியால் அடித்து அடித்துத் தேனிரும்பு ஆக்க வேண்டும். அப்புறம் எங்கே அச்சில் ஊற்றுவது? முன்னோர் முறை என்றால் தட்டிய கல்லாக இருக்க வேண்டும், வார்த்த கல்லாக இருக்க முடியாது.

சேலம் தாதுவை உருக்கி வார்ப்பிரும்பாக ஓடவிட்டது கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் கடலோரப் பரங்கிப்பேட்டையில் கட்டிய ஊது உலைதான். இங்கிருந்து தாது அவ்வளவு தூரம் போனது, உலைக்குக் கரி வேண்டிக் காடு காடாக வெட்டினார்கள், கிட்டத்தில் மரம் தீரத் தீரக் கரி வரும் தூரமும் செலவும் ஏறியது, நிலக்கரியில் மலிவாக உருக்கிய இங்கிலாந்து இரும்போடு போட்டி போட முடியாமல் கடைசியில் மூடினார்கள். பாவம் ஹீத், 1839இல் உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியும் வழக்கு வழக்கு என்றே அலைந்தார்.

சரி, இப்போதாவது அந்தத் தாது உருகுகிறதா என்றால் அதுவும் இல்லை. மலையடிவாரத்திலேயே இருக்கிற சேலம் உருக்காலை 1980களில் இருந்து எவர்சில்வர் தகடு தருகிறது, கஞ்சமலைத் தாதுவில் இருந்து அல்ல. கடைக்காரரிடம் கேட்டேன், "எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க" என்றார்.

வாங்குகிறவர்கள் சீட்டு இல்லாத கல்லையே கேளுங்கள், இரண்டையும் தூக்கிப் பார்த்தேன், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கைப்பிடியும் சேர்த்தே வார்த்தது என்பதால் சுடும், துணி வேண்டும். அடிப்பாகம் லேசாகக் குழிந்திருப்பதால் இண்டக்‌ஷன் அடுப்பில் ஆடுகிறது, கேஸ் அடுப்புக்கு மட்டும் வாங்கலாம்.