ஏழு கிலோவில் மூன்று கிலோ பெட்டிக்கே

ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பறிப்பு வேலை முடிந்ததும் மார்ச் மாதத்தில் மனைவியுடன் நான்கு நாள் கோலாலம்பூர் போய்வரத் திட்டமிட்டிருக்கிறார். என்னிடம் இருக்கும் அதே கேபின் டிராலி (விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகும் சக்கரப் பெட்டி) ரூ.4,200-இலிருந்து ரூ.2,600-க்கு இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டார். ஆமாம், இல்லை என்று தொலைபேசியிலேயே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் சக்கரம் மாற்றிய செலவு இன்னும் ஆறாத நிலையில் அந்தப் பெட்டியைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கெட்டியான பாலிகார்பனேட் ஓடு, நான்கு சக்கரம், எண் பூட்டு, 55 செ.மீ. உயரம் ஆகியவற்றை விளம்பரத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருப்பது எடை. அட்டையில் 2.6 கிலோ என்று அச்சிட்டிருந்தார்கள். வீட்டில் வைத்திருக்கும் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தால் 2.9 காட்டுகிறது. தராசின் மேல் சந்தேகப்பட்டு மளிகைக் கடையிலும் வைத்துப் பார்த்தேன், அங்கும் அதே 2.9தான். முந்நூறு கிராமுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் மலிவு விலை விமானத்தில் கைப்பையோடு மட்டும் போய்வந்ததில்லை என்றுதான் நினைப்பேன்.

சேலத்துக்காரர் ஒருவர் குறைந்த செலவில் வெளிநாட்டு நகரம் ஒன்றைச் சுற்றிவர நினைத்தால் கணக்கு முதலில் விமான நிலையத்தில்தான் தொடங்குகிறது. காமலாபுரத்தில் நமக்கென்று ஒரு விமான நிலையம் இருந்தாலும் அது உள்நாட்டுக்கு மட்டுமே. ஆகவே திருச்சி, கோவை, பெங்களூரு, சென்னை ஆகிய நான்கிலும் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கோலாலம்பூருக்கு நான் எப்போதும் திருச்சியைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். நாமக்கல், தொட்டியம், முசிறி வழியாகக் காவிரியை ஒட்டியே பேருந்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். பெங்களூரு என்றால் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியை அடைய ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். திருச்சியிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறப்பு. இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா கேட்பதில்லை, இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும், அதற்குக் கட்டணமில்லை. தைப்பூசத்தையும் தீபாவளியையும் ஒட்டிய வாரங்களைத் தவிர்த்துவிட்டால் பயணச் சீட்டும் கைக்கு அடக்கமாகக் கிடைக்கும்.

ஆனால் அந்த விலை கைப்பையோடு மட்டும் போகிறவருக்கு உரியது. மலேசியாவின் மலிவு விலை விமான நிறுவனமான ஏர்ஏசியாவில் பெட்டியும் தோள்பையும் சேர்ந்து 7 கிலோவுக்குள் இருக்க வேண்டும். விமானத்தின் அடியில் ஏற்ற ஒப்படைக்கும் பதிவுப் பெட்டி வேண்டுமென்றால் போகவும் வரவும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும். சீட்டு வாங்கும்போதே கட்டினால் ஒரு தொகை, நிலையத்துக்கு வந்து கட்டினால் அதைவிடப் பெரிய தொகை. இரண்டு வழிக்கும் சேர்த்தால் சில சமயம் இந்தப் பெட்டியின் விலையையே அது தொட்டுவிடுகிறது. ஆகவே ஏழு கிலோ என்பது சிக்கனப் பயணத்தில் மலேசியப் பணமான ரிங்கிட்டைப் போலவே எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய பொருள். அதில் ஐந்தில் இரண்டு பங்கை இந்தப் பெட்டி, தன்னுள் ஒரு கைக்குட்டைகூட வைக்கும் முன்பே, தனக்கென்று எடுத்துக்கொள்கிறது.

கணக்கை முழுவதுமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நண்பருக்கு உதவப்போவது இதுதான். பெட்டி 2.9 கிலோ. கடவுச்சீட்டு வைக்கும் சிறு தோள்பை 400 கிராம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 400 கிராம். இதைப் பதிவுப் பெட்டியில் போடவும் கூடாது. சார்ஜர், ஒயர், மலேசியாவின் சதுர மூன்று முனைப் பிளக்குக்கான அடாப்டர் எல்லாம் சேர்த்து 300. நான்கு கிலோ இதிலேயே போயிற்று. இனி ஒரு ஜீன்ஸ் 700, மூன்று பருத்திச் சட்டை 750, உள்ளாடைகள் 400, துண்டாகவும் போர்வையாகவும் உதவும் ஒரு நாலு முழ வேட்டி 350, சோப்பு, பற்பசை வகையறா 400, மாத்திரைகள் 100. மொத்தம் 6.7. அங்கிருக்கும் குடும்ப நண்பருக்கு ஒரு கால் கிலோ தட்டை வைத்தால் 6.95. திரும்பும்போது வாங்கி வருவதற்கு மீதம் ஐம்பது கிராம்! ஈப்போ வெள்ளைக் காப்பி ஒரு பொட்டலமே அரைக் கிலோவைத் தாண்டும். ஆகவே ஜீன்ஸை உடுத்திக்கொண்டு, பவர் பேங்கைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, புடைத்த மார்போடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு முறை திரும்பும் வழியில் விமானம் ஏறும் வாயிலில் பெட்டியைத் தராசில் வைக்கச் சொன்னார்கள். 7.4 காட்டியது. அந்த நானூறு கிராமுக்கு அந்த நிறுவனம் வாங்கிய தொகை ஏறத்தாழ ஓர் இரவு அறை வாடகைக்குச் சமம். விதி அவர்கள் பக்கம்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வரிசையில் இரண்டு பெரிய பையோடு ஒருவரைப் பேசாமல் உள்ளே விட்டதைப் பார்த்துக்கொண்டே பணம் கட்டியது இன்றைக்கும் உறுத்துகிறது.

அட்டையில் சொன்னதற்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம் முந்நூறு கிராம்; அன்று நான் மீறியது நானூறு. இதை நினைக்கும்போதெல்லாம் பெட்டி செய்தவர் மேல்தான் கோபம் திரும்புகிறது.

இந்த எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால், ஓட்டில் அவ்வளவாக இல்லை. பாலிகார்பனேட் தகடு மெலிதானது, விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. இழுகைப்பிடியின் அலுமினியக் குழாய்கள், அவற்றைப் பிடித்திருக்கும் சட்டம், நான்கு இரட்டைச் சக்கரங்கள், அவற்றின் கூடு, பூட்டு, உள்ளே ஜிப் வைத்த தடுப்புத் துணி ஆகியவற்றில்தான் இருக்கிறது. குழாய்கள் பெட்டியின் அடித்தளத்தில் இரண்டு மேடு போல ஓடுவதால் அங்கே எதையும் சமமாக வைக்க முடியாது; காலுறைகளைச் சுருட்டி அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். கேபின் அளவு என்று கொட்டை எழுத்தில் போடும் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. அந்த மூன்றும் சரியாக இருந்து, எடையால் மாட்டிக்கொண்டவர்களைத்தான் நான் வாயிலில் பார்த்திருக்கிறேன்.

நியாயமாகச் சொன்னால், இதே பெட்டி சிங்கப்பூரின் மலிவு விலை விமான நிறுவனமான ஸ்கூட்டில் ஏறினால் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அங்கே கைப்பைக்கு 10 கிலோ அனுமதி உண்டு. பெட்டி போக ஏழு கிலோவுக்கு மேல் நம் கையில் இருக்கும். ஆனால் அப்படி நேராகப் போய் இறங்கும் சிங்கப்பூருக்கு விசா வேண்டும்; முப்பது சிங்கப்பூர் டாலர் கட்டணமும் அதன்மேல் ஏஜென்ட் கூலியும் சேரும், அறை வாடகையோ கோலாலம்பூரைவிடப் பல மடங்கு. மலிவான ஊருக்குக் குறைந்த எடை, விலை உயர்ந்த ஊருக்குத் தாராளமான எடை என்று எனக்கு அமைந்திருக்கிறது.

சக்கரங்களைப் பற்றி எனக்கு இரண்டு விதமான கருத்து உண்டு. விமான நிலையத்தின் வழவழப்பான தரையில் ஒற்றை விரலால் தள்ளினால் கூடவே வருகிறது. நீண்ட நடைபாதைகளில் அது உண்மையிலேயே சுகம். அந்தச் சுகம் வாசலோடு முடிந்துவிடுகிறது. திருச்சிக்குப் போகும் பேருந்தில் இருக்கைக்கு அடியில் நுழையாததால் நடைவழியில் நிறுத்த வேண்டும். பிரேக் இல்லாத நான்கு சக்கரமாதலால் முசிறி வளைவுகளில் அது தன்னிச்சையாகப் புறப்பட்டு ஓட்டுநர் வரை போய்விடும். இரண்டு முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து வருவதுதான் வழி, லக்கேஜ் டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு. கோலாலம்பூரில் நான் தங்குவது கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில். விமான நிலையத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு 55 ரிங்கிட் கேட்பார்கள். பேருந்தில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, பெட்டியை அடியில் போட்டுக்கொள்ள இடமும் உண்டு. இறங்கிய பிறகுதான் சிக்கல். பார்வையற்றோர் நலனுக்கான சங்கம் அங்கே இருப்பதால் அந்தப் பகுதி நடைபாதைகளில் பார்வையற்றவர்களுக்காகப் புடைப்புக் கோடு போட்ட மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்கள். மிக நல்ல ஏற்பாடு, ஆனால் அதன்மேல் சக்கரம் ஏறினால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கடகடக்கும். நான் தூக்கிக்கொண்டுதான் நடப்பேன். சக்கரத்துக்காக எடை, அந்தச் சக்கரம் உதவாததால் அந்த எடையைக் கையில் சுமப்பது!

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. குறைந்த வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் சன்னல் இல்லாத சிறிய அறைகள். வெளிநாட்டவரிடம் வாடகையோடு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் வாங்குவார்கள். இந்தப் பெட்டி இரண்டு பாதியாகப் பிளந்து விரிவது. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் அதை விரிக்க முடியாது. கட்டில்மேல் வைத்துத் திறந்து, படுக்கும்போது மூடி, காலையில் மறுபடியும் திறக்க வேண்டும். கடைசி நாளில் அறையைக் காலி செய்துவிட்டு இரவு விமானம் வரை சுற்றுகிறவர்கள் பெட்டியை விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டுப் போகலாம், கேஎல் சென்ட்ரலில் பூட்டறைகளும் உண்டு. பத்துமலைக்கு ரயில் அங்கிருந்தே கிளம்புகிறது. 272 படியில் பெட்டியோடு ஏற வேண்டியதில்லை. (2006-இல் திறந்த பத்துமலை முருகன் 140 அடி, 2022-இல் குடமுழுக்கு கண்ட நம் புத்திரகவுண்டன்பாளையம் முத்துமலை முருகன் 146 அடி. உயரம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஆத்தூர் பேருந்தே போதும். எடைக் கட்டுப்பாடும் கிடையாது.)

இனிச் சக்கரம் போன கதை. ஒரு பயணத்துக்கு முன் பரணிலிருந்து இறக்கித் தரையில் வைத்தபோது சக்கரத்தின் மேல்பூச்சு கறுப்புப் பொடியாக உதிர்ந்து, தரையெல்லாம் பிசுபிசுத்தது. முந்தைய பயணத்திலிருந்து திரும்பியபோது நன்றாகத்தான் இருந்தது. நிறுவனத்தைக் கேட்டால், சக்கரத் தேய்மானம் உத்தரவாதத்தில் வராது என்று பதில் வந்தது. தேயவே இல்லையே என்று படம் எடுத்து அனுப்பியும் அதே பதிலையே திரும்ப அனுப்பினார்கள். செவ்வாய்ப்பேட்டையில் பை தைத்துக்கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். சக்கரத்தை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "ஓட்டித் தேஞ்சா மொழுக்குன்னு இருக்குமுங்க. இது சும்மா வெச்சிருந்தே கெட்டுப் போனது" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்தப் பூச்சு பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதையும் தன்மை உடையது, வெப்பம் அதை விரைவுபடுத்தும். சேலத்து மொட்டை மாடிக்குக் கீழே பரணில் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வெளியே வரும் பெட்டிக்கு இது பெரிய குறை. அவர் ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, கூட்டோடு நான்கையும் மாற்றி, ரிவெட்டுக்குப் பதில் திருகாணி போட்டுக்கொடுத்தார். அடுத்த முறை நாமே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். கூலியோடு ரூ.700. தராசில் வைத்தேன்: புதுச் சக்கரத்தோடு 2.95 கிலோ.

மற்ற எல்லாவற்றிலும் இந்தப் பெட்டி என்னை ஏமாற்றவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஜிப் ஒரு முறைகூடச் சிக்கவில்லை. பூட்டு எண் மாறவில்லை. மழையில் நனைந்தும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. நான் எதிர்பாராத ஒன்று தட்டை. நம் ஊர்த் தட்டையைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுபோனால் அங்கே போய்ச் சேர்வது தூள்தான். மேலே இன்னொருவர் பையைத் திணித்தாலும் இந்த ஓடு தாங்கிக்கொண்டதால், சட்டைகளுக்கு நடுவே வைத்த பொட்டலத்தில் ஒன்றுகூட உடையாமல் போய்ச் சேர்ந்தது. கிள்ளானில் அந்தக் குடும்ப நண்பர் வீட்டில் அதைப் பிரித்தபோது அந்த வீட்டு அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கியதைப் பார்த்தபோது, அந்த 2.9 கிலோவை ஓர் அரை மணி நேரத்துக்கு மன்னித்திருந்தேன்.

இத்தனை நல்லது சொன்னவன் வாங்கச் சொல்வான் என்று நண்பர் எதிர்பார்க்கலாம். வாங்க வேண்டாம். ரூ.2,600 அல்ல, ரூ.1,600-க்கு இறங்கினாலும் கைப்பையோடு மட்டும் போகிறவருக்கு இது வேண்டாம். ஒரு கிலோவை ஒட்டிய எடையில் 40 லிட்டர் துணி முதுகுப்பை கிடைக்கிறது. முதுகில் சுமக்க முடியாதவர்கள் இரண்டு கிலோவை ஒட்டிய இரு சக்கரத் துணி டிராலி பார்க்கலாம். ஒருவருக்கு ஒரு கிலோ மிஞ்சினாலும் இருவருக்கும் சேர்த்து இரண்டு கிலோ, அதாவது நாலைந்து பொட்டலம் ஏற்காட்டுக் காப்பித்தூள். எதை வாங்கினாலும் அட்டையை நம்பாமல் கடையிலேயே வெறும் பையைத் தராசில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பெற்றோரை அழைத்துக்கொண்டு, பதிவுப் பெட்டிக்குப் பணம் கட்டிப் போகிறவர்களுக்கு இது நல்ல பெட்டி, தயங்காமல் வாங்கலாம். எனக்கு மட்டும் இதற்கு ஐந்துக்கு இரண்டுக்கு மேல் மதிப்பெண் போட மனம் வரவில்லை. அந்த இரண்டில் ஒன்று தட்டைக்கு, இன்னொன்று செவ்வாய்ப்பேட்டைக்காரரின் திருகாணிக்கு.