கரகர லைனும் கழுத்தறுத்த நெட்டும்

ஊரில் மற்ற வேலைகள் எல்லாம் மளமளவென்று முடிந்தன, அதை விடுங்கள். லீவைத் தின்றது அப்பா வீட்டு நெட். இன்னும் பழைய லேண்ட்லைன் செம்புக் கம்பியில்தான் வருகிறது. போன் மணி அடித்தால் போதும், மோடத்தில் டிஎஸ்எல், அதாவது போன் கம்பி வழியே வரும் நெட்டின் விளக்கு கண்ணடிக்க ஆரம்பிக்கும். ஆபீஸ் மீட்டிங்கில் என் முகம் பாதி வார்த்தையில் உறைந்து நிற்கும்.

அப்பா புகார் கொடுத்துக் கொடுத்து மோடத்தை மாற்றியிருந்தார்கள், பேச்சையும் நெட்டையும் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டரையும் மாற்றியிருந்தார்கள். நானும் போன் போட்டேன். "டயல்டோன் வருதா சார்? அப்போ லைன் ஓகே." எனக்கு வந்த கோபம்! பேச்சுக்குத் தேவை 4 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அப்பா வீட்டு நெட்டின் ஏடிஎஸ்எல்2+ முறை அதே கம்பியில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. அரைகுறை கம்பியிலும் குரல் கேட்டுவிடும், நெட்தான் படுத்துவிடும். மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது சிக்னல் இரைச்சலைத் தாண்டிக் கையிருப்பாக வைத்திருக்கும் அளவு, 3 டெசிபெல்லில் தள்ளாடிக்கொண்டிருந்தது. வழக்கமாக 6 ஆவது வேண்டும். நான் இப்போது வசிக்கும் இடத்தில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் வருவதற்கு முன்பு இதே செம்புதான். ஆனால் கம்பெனிக்காரன் உட்கார்ந்த இடத்திலிருந்தே லைனை டெஸ்ட் பண்ணி, கோளாறு எத்தனை மீட்டரில் என்று சொல்லிவிடுவான்.

அம்மாவிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. "ரிசீவரை எடுத்துக் கீழ வச்சிடுப்பா, நெட்டு நிக்கும்." சிரித்தேன். ஆனால் நின்றது! மார்ஜினும் ஏறியது.

கடைசியில் ஒரு வயதான லைன்மேன் வந்தார். டெஸ்ட் போனை மாட்டி, எண் எதுவும் அழுத்தாமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கரகர, கரகர. "ஜாயிண்ட்ல பச்சை பிடிச்சிருக்கு சார்," என்றார். கம்பிகள் சேரும் இடத்தில் செம்புக் களிம்பு. அம்மாவின் வைத்தியத்தைச் சொன்னதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. ரிசீவர் போன் மேலேயே இருக்கும்போது எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் லைனில் நின்றாலும் கரண்ட் ஏறக்குறைய ஓடாது. எடுத்துவிட்டால் ஓடும், பச்சை படிந்த இணைப்பில் அந்தக் கரண்டே தற்காலிகமாக ஒரு வழி போட்டுக்கொள்ளும். மணி அடிக்கும்போதோ பெரிய ஏசி மின்சாரம் திடீரென்று வந்து தட்டும். இணைப்பின் தன்மை ஒரு நொடியில் மாறும், மோடம் பிடியை விட்டுவிட்டு முதலிலிருந்து பேரம் பேசத் தொடங்கும்.

வெளிச்சுவரில், மூடி உடைந்த பெட்டிக்குள் இருந்தது அந்த ஜாயிண்ட். மழைத்தண்ணி நேராக அதன் மேலேயே இறங்கியிருக்கிறது. வெட்டி, சுரண்டி, ஈரம் புகாத ஜெல் கனெக்டர் போட்டு அழுத்தினார். மார்ஜின் 11. என் செல்லிலிருந்து வீட்டு எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன், விளக்கு அசையவில்லை. நான் வசிக்கும் இடத்தில் இப்படிக் காதாலேயே நோயைப் பிடிக்கும் ஆளைத் தேடினாலும் கிடைக்காது. இவரைக் கண்ணில் பார்ப்பதற்குள்தான் பாதி லீவு போய்விட்டது.

போகும்போது அவரே சொன்ன சூட்சுமம்: "நெட் ஸ்லோன்னு புகார் குடுத்தா மோடத்தை மாத்த ஆள் வருவாங்க. போன்ல சத்தம்னு குடுங்க, நான் வருவேன்." அப்பா அதை டெலிபோன் டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். உடைந்த மூடிக்கு மட்டும் இன்னும் "ஸ்டாக் இல்லை".