காப்பி வெனிலா ஸ்டவுட்டா, வழக்கமான கறுப்பு ஸ்டவுட்டா?
ஸ்டவுட் என்பது கருமையான பீர். தீபாவளிக்கு எதை வாங்குவது என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து நண்பர்கள் கேட்கிறார்கள்.

விலை: வழக்கமான கறுப்பு ஸ்டவுட்டான கின்னஸ் கட்டுப்படியாகும். காப்பி வெனிலா, சிறு ஆலைகள் தயாரிக்கும் கிராஃப்ட் வகை; அதன் டின் கையைக் கடிக்கும்.

கிடைப்பது: கின்னஸ் சீனர் கடையிலேயே உண்டு. மற்றதற்கு ஈப்போவில் தேட வேண்டும்.

சுவை: கின்னஸில் வறுத்த பார்லியின் கசப்பு, ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குப் பொருத்தம். காப்பி வெனிலா வகையில் பெரும்பாலும் பால் சர்க்கரை சேர்ப்பார்கள். பீரை நொதிக்க வைக்கும் ஈஸ்ட் அதைத் தின்னாது, இனிப்பு அப்படியே தங்கிவிடும். நம்மாட்கள் பழக்கத்தில் ஐஸ் போட்டால் வெனிலா மணமே எழாது, காசும் வீண். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று வைத்துக் குடிக்க வேண்டும்.

போதை: பல கிராஃப்ட் வகைகள் 8 சதவீத ஆல்கஹாலைத் தாண்டும். மோட்டார் சைக்கிளில் வந்தவருக்கு இரண்டுமே வேண்டாம்.

கூட்டம் கூடினால் கின்னஸ். சாப்பாட்டுக்கு அப்புறம் இருவர் ஒரு டின்னைப் பங்கிடுவதானால் காப்பி வெனிலா. காப்பி மணம் சீக்கிரம் மங்கும், அடுத்த தீபாவளிவரை வைக்காதீர்கள்.