மழைக்கு நின்ற வேலைக்கு யார் சம்பளம் கொடுப்பது?

காலை ஏழு மணிக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஏழேகாலுக்குத் தூறல். எட்டு மணிக்கெல்லாம் சாரத்தில் கால் வைக்க முடியாத மழை. பதினொரு பேரும் தார்பாய்க்குக் கீழே ஒண்டிக்கொண்டு நிற்கிறார்கள். மேஸ்திரி அலுவலகத்துக்குப் போன் போட்டால், "கொஞ்சம் பொறுங்க மேஸ்திரி, விட்டுரும்" என்கிறார் மேனேஜர். விடவில்லை. பத்தரைக்கு எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். வாரக் கடைசியில் வருகைப் பதிவேடு என் மேசைக்கு வந்தபோது அந்த நாளுக்கு நேரே மேஸ்திரி 3½ என்று எழுதியிருந்தார். மேனேஜர் அதை அடித்துவிட்டு 1 போட்டிருந்தார். ஓரத்தில் யாரோ பென்சிலில் ‘முழு நாள்?’ என்று எழுதி வைத்திருந்தார்கள்.

சம்பளக் கணக்குப் போடும் வேலையில் பல வருடம் ஓட்டிவிட்டேன். மழை பெய்ததற்காக யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. பத்தரை வரை நிற்க வைத்ததற்குத்தான் வந்திருக்கிறார்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு முறையையும் நான் எடை போடுவது இதை வைத்துத்தான்: நிறுத்துகிற முடிவை எடுப்பவர் யார், அந்த முடிவு தாமதமானால் யார் பையிலிருந்து காசு போகிறது?

வேலை இல்லை, கூலி இல்லை

இருப்பதிலேயே எளிமையானது இதுதான். செய்த மணிக்குச் சம்பளம், செய்யாத மணிக்கு இல்லை. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்களுக்கு இது சட்டப்படியும் பல இடங்களில் செல்லும். அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு நியாயமான தொழிலாளர் தரச் சட்டம் வேலை செய்த நேரத்துக்கு மட்டுமே குறைந்தபட்சக் கூலி கேட்கிறது. மழையில் போன மணிகளுக்குக் கொடு என்று அது சொல்லவில்லை.

ஆனால் ‘வேலை செய்த நேரம்’ எது? தார்பாய்க்குக் கீழே நின்றது வேலையா, ஓய்வா? அமெரிக்க விதிகள் இதற்கு ஒரு கோடு போட்டிருக்கின்றன. காத்திருப்பதே வேலையின் ஒரு பகுதி என்றால் அது சம்பள நேரம். "நீ போகலாம், இத்தனை மணிக்குத்தான் மறுபடி வேலை" என்று முன்கூட்டியே சொல்லி, அந்த இடைவெளி அவர் தன் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தும் அளவுக்கு நீளமாகவும் இருந்தால்தான் அது அவருடைய நேரம். "கொஞ்சம் பொறுங்க, விட்டுரும்" என்பதில் போகலாம் என்ற சொல்லும் இல்லை, இத்தனை மணி என்ற சொல்லும் இல்லை. ஆகவே அந்தப் பதிவேட்டில் மேஸ்திரி எழுதிய மூன்றரைதான் சரி. மேனேஜர் அடித்தது தப்பு.

மாதச் சம்பளக்காரர்கள் விஷயத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அமெரிக்காவில் ஓவர்டைம் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்ற மாதச் சம்பள ஊழியர் அந்த வாரத்தில் கொஞ்சம் வேலை செய்திருந்தாலும், வானிலையைக் காரணம் காட்டி நிறுவனம் மூடிய நாளுக்கு அவர் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. நிறுவனம் திறந்திருந்தும் அவராக வரவில்லை என்றால் முழு நாளைப் பிடிக்கலாம். ஆக, ஒரே மழையில் மேற்பார்வையாளருக்குச் சம்பளம் உண்டு, தொழிலாளிக்கு இல்லை. சட்டம் சரியாகவே இருக்கலாம். தார்பாய்க்குக் கீழே அதை விளக்கிப் பாருங்கள்!

எனக்கு இந்த முறை பிடிக்காததற்குப் பெரிய காரணம் வேறு. இறங்கினால் கூலி போச்சு என்று தெரிந்தவர் சீக்கிரம் இறங்க மாட்டார். இடிச் சத்தம் கேட்டால் கூரைக்குள் போக வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே வரக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு விதி. அந்த 30 நிமிடம் கூலி இல்லாத நிமிடம் என்றால், ‘இடி தூரத்துல தான’ என்று ஒரு குரல் எழும். அப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்கக் கால்வாசிச் சம்பளம் வாங்கிய நல்ல கைகாரர், அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே வேறு இடம் பார்த்துக்கொள்வார்.

வந்ததற்குக் கூலி

இரண்டாவது முறையில், வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும், சொன்ன நேரத்துக்கு வந்து நின்றவருக்குக் குறிப்பிட்ட மணிகள் உறுதி. கலிபோர்னியாவில் அன்றைக்குத் திட்டமிட்டிருந்த நேரத்தில் பாதி, குறைந்தது 2 மணி, அதிகபட்சம் 4 மணி. கனடாவின் ஒன்டாரியோவில் மூன்று மணி நேர விதி.

இரண்டிலும் ஒரு ஓட்டை உண்டு, நமக்கு வேண்டிய இடத்திலேயே உண்டு. முதலாளியின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்களுக்கு இந்த விதி பொருந்தாது. ஒன்டாரியோ சட்டம் மின்னலையும் புயலையும் பெயர் சொல்லியே விலக்குகிறது. வானிலை அறிக்கையில் முந்தின நாளே வந்துவிட்ட சாதாரண மழை இதில் சேருமா என்று இரு தரப்பும் மணிக்கணக்கில் வாதாடலாம். ஆஸ்திரேலியாவின் கட்டுமானத் தொழில் ஊதிய ஆணை இந்த வாதத்துக்கே இடம் வைக்கவில்லை. மோசமான வானிலையால் நின்ற நேரத்துக்கு 4 வாரத்துக்கு 32 மணி வரை சாதாரணச் சம்பளம் என்று நேராகவே எழுதிவிட்டது. அதற்கு மேல் போனால்தான் தொழிலாளிக்கு நஷ்டம். சட்டம் எதுவும் கேட்காத இடத்திலும் ஒரு நிறுவனம் தன் வேலை ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த முறையின் அழகு, முடிவைச் சீக்கிரம் எடுக்க வைப்பது. நான்கு மணிக் கூலி எப்படியும் போகும் என்றால், மேனேஜர் முந்தின இரவே வானிலையைப் பார்ப்பார், விடிவதற்குள் செய்தி அனுப்புவார். வராதவருக்குக் கொடுக்க வேண்டாம் அல்லவா? அங்கேதான் இதன் கெடுதலும். லேசாக மேகம் தெரிந்தாலே "இன்னைக்கு வேண்டாம்" என்று செய்தி பறக்கும். ஒன்பது மணிக்கு வெயில் அடிக்கும். தொழிலாளிக்கு நாளும் போச்சு, நாலு மணிக் கூலியும் போச்சு. மாதத்துக்கு இத்தனை முறைதான் இப்படி ரத்து செய்யலாம் என்று உச்சவரம்பு வைத்தால் இது அடங்கும். வைக்காமல் இந்த முறையை எடுக்காதீர்கள்.

மணிகளைச் சேமித்து வைப்பது

நல்ல காலத்தில் கூடுதலாகச் செய்த மணிகளைக் கணக்கில் போட்டுவைத்து, மோசமான காலத்தில் எடுத்துச் செலவழிப்பது மூன்றாவது முறை. ஜெர்மனியின் கட்டுமானத் தொழிலில் இது ஊறிப்போன பழக்கம். தினம் அரை மணி கூடுதல், வாரத்துக்கு 5 நாள், 20 வாரம் என்று வைத்துக்கொண்டால் 50 மணி சேரும். எட்டு மணி நாளாகப் பிரித்தால் ஆறு நாள் மழையைத் தாங்கும். மாதச் சம்பளம் ஏறி இறங்காமல் ஒரே மாதிரி வருவது குடும்பம் நடத்துபவருக்குச் சின்ன விஷயமில்லை.

காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. நடைமுறையில் இரண்டு இடத்தில் இடறும். முதலாவது ஓவர்டைம். மழையால் இந்த வாரம் 32 மணிதான் நடந்தது, அடுத்த வாரம் 48 மணி செய்து ஈடுகட்டிவிட்டார்கள். கூட்டினால் 80, இரண்டு சாதாரண வாரம் என்று தோன்றும். ஆனால் அமெரிக்கா மாதிரி வாரத்துக்கு வாரம் கணக்கு முடிக்கும் சட்டத்தில் இரண்டாவது வாரத்தின் எட்டு மணி ஓவர்டைம். ஒன்றரை மடங்கு என்றால் 12 மணிச் சம்பளம். மொத்தம் 84 மணிக்குக் கொடுக்க வேண்டும். தனியார் நிறுவனம் அந்த ஓவர்டைமைப் பணமாகத் தராமல் விடுப்பாக மாற்றித் தரவும் அங்கே முடியாது. ‘சனிக்கிழமை வந்து ஈடுகட்டிடுங்க’ என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது இடறல், கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போவது. வேலைக்குச் சேர்ந்த மாதமே மழை பிடித்துக்கொண்டால் புதியவர் கணக்கில் கழிக்க ஒன்றும் இருக்காது. கடனாகக் கொடுத்தால், 30 மணிக் கடனோடு அவர் வேலையை விட்டுப் போகும் நாள் வரும். கடைசிச் சம்பளத்தில் பிடிக்கலாமா என்பது ஊருக்கு ஊர் மாறும் சட்டம். பிடிக்க முடிந்தாலும் மனம் கசந்துபோகும். இரண்டு நாளுக்கு மேல் கடன் ஏறக் கூடாது என்று வரம்பு வையுங்கள். ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் மீதி மணியை அச்சடித்துக் கொடுங்கள். கண்ணில் படாத கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

மழையும் வெயிலும் தனித்தனிப் பருவமாக வரும் இடத்துக்குத்தான் இது ஒத்துவரும். வருடம் முழுக்க அவ்வப்போது வந்து போகும் மழைக்குச் சேமிக்கவும் நேரமிருக்காது.

விடுப்பில் கழிப்பது, வேறு வேலை கொடுப்பது

விடுப்பில் கழிப்பதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடுக்க வைத்திருந்த நாளை வானம் எடுத்துக்கொண்டால் கோபம் வானத்தின்மேல் போகாது. தொழிலாளி தானாகக் கேட்டால் கொடுங்கள். நீங்களாகக் கழிக்காதீர்கள்.

மாற்று வேலை நல்ல யோசனைதான், அளவு குறைவு. கருவிகளுக்கு எண்ணெய் போடலாம், உயரத்தில் ஏறுபவர் கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டைகளையும் கயிறுகளையும் சோதிக்கலாம், தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பாதுகாப்புப் பயிற்சியை நடத்தலாம். மூன்றாவது நாளும் மழை என்றால்? ஒரே கிடங்கை எத்தனை தடவை பெருக்குவது! பிரிட்டனில் வேலை இல்லாத நாளுக்கான உத்தரவாதத் தொகை எந்த மூன்று மாதத்திலும் 5 நாளுக்கு மட்டுமே சட்டப்படி உண்டு. பொருத்தமான மாற்று வேலையைத் தகுந்த காரணமில்லாமல் மறுத்தவருக்கு அதுவும் இல்லை. ‘பொருத்தமான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கொத்தனாரைக் கழிப்பறை கழுவச் சொல்லிவிட்டு மறுத்தார் என்று எழுதிவைப்பது மாற்று வேலை ஆகாது.

எல்லாரும் சேர்ந்து சுமப்பது

பிரான்ஸ் 1946லேயே இதைத் தொழில் முழுவதற்குமான பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. கட்டுமான நிறுவனங்கள் ஒரு நிதிக்குப் பணம் கட்டுகின்றன. வானிலையால் வேலை நின்றால் தொழிலாளிக்கு மணிச் சம்பளத்தில் 75 சதவீதம், வருடத்துக்கு 55 நாள் வரை. முதலாளி கொடுத்துவிட்டு நிதியிலிருந்து ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறார். பனி, உறைபனி, மழை, பலத்த காற்று என்று இருந்த பட்டியலில் 2024இல் கடும் வெப்பத்தையும் சேர்த்தார்கள். ஜெர்மனியில் டிசம்பர் முதல் மார்ச் வரை, சேமித்த மணிகள் தீர்ந்த பிறகு, இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை உள்ளவர்களுக்கு 67 சதவீதம் அரசு வேலைவாய்ப்பு முகமை வழியாக வருகிறது.

இப்படி ஒரு நிதி இல்லாத இடத்தில் சின்ன நிறுவனம் என்ன செய்யும்? தானே ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பழைய பதிவேடுகளை எடுத்து எண்ணுங்கள். வருடத்தில் 240 வேலை நாள், அதில் சராசரியாக 12 நாள் வானிலையால் போகிறது என்றால், மீதி 228 நாளின் கூலிச் செலவில் 5¼ சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் ஒதுக்கினால் அந்த 12 நாளுக்கும் முழுச் சம்பளமே கொடுத்துவிடலாம். அதை வேலைக்கான விலைப்புள்ளியிலேயே சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அந்தத் தள்ளுபடியை வாடிக்கையாளருக்குக் கொடுப்பது தொழிலாளிதான்.

எங்கள் அலுவலகம் கடைசியில் கலவையாக ஒன்றை எடுத்தது. காலை ஐந்தரைக்குள் செய்தி போகாவிட்டால், வந்தவருக்கு நாலு மணி உறுதி. மாதத்துக்கு மூன்று தடவைக்கு மேல் ரத்து செய்தால் அதற்கும் பாதி நாள் கூலி. இடியோ காற்றோ வந்து இறங்கச் சொன்ன நேரம் முழுச் சம்பள நேரம், அதில் பேரம் கிடையாது. சேமிப்பு மணியை விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் வைத்தோம். பாதிப் பேர் சேர்ந்தார்கள்.

பதிவேட்டில் இரண்டு கட்டங்களும் கூடின: மழை தொடங்கிய நேரம், நிறுத்தச் சொன்ன நேரம். முதல் மாதம் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி, ஒன்றரை மணி என்று இருந்தது. மேனேஜர் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததாலோ என்னவோ, நாலாவது மாதம் அது இருபது நிமிடத்துக்கு வந்துவிட்டது.