ஜீப்பில் பெஜோ இன்ஜினை இறக்கி டி.ஐ. இன்ஜின் ஏற்றினேன்: பதினோரு வருஷக் கணக்கு

பெரிய இன்ஜின் போட்டதில் என் ஜீப்பின் வேகம் குறைந்துவிட்டது. பழைய இன்ஜினில் நாலுவழிச் சாலையில் 80 வரைக்கும் விரட்டியிருக்கிறேன். இப்போது 65-க்கு மேலே போனால் வண்டி கெஞ்சுகிறது. இது தெரியாமல் "இன்ஜின் மாத்தினா பறக்கும்லா அண்ணாச்சி" என்று கேட்டு வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி 1993 மாடல் மஹிந்திரா எம்.எம். 540. திருக்குறுங்குடிப் பக்கம் வாழை வைத்திருக்கிறேன். வாழைத்தாரை வயலிலிருந்து லாரி நிற்கும் தார் ரோட்டுக்குக் கொண்டுவருவதுதான் இதன் பிழைப்பு. குளத்துக்கரை, வாய்க்கால் மேடு, செம்மண் சகதி என்று நாளெல்லாம் நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர்வீலில் கிடக்கிற வண்டி.

இதில் கம்பெனியிலிருந்தே வந்தது பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90, 2112 சி.சி. டீசல். நல்ல இன்ஜின், சத்தமும் குறைவு. ஆனால் சூடு தாங்காது. ரேடியேட்டர் தண்ணியைக் கவனிக்காமல் விட்ட ஒரு சித்திரை மத்தியானத்தில் இன்ஜினின் மேல்மூடியான ஹெட் விரிசல் விட்டது. வெல்டு வைத்து ஓட்டினேன், மறுபடி விட்டது. இன்னொரு ஹெட் தேடி நாகர்கோவில், மதுரை என்று அலைந்ததுதான் மிச்சம். கிடைத்த ஒன்றிலும் விரிசல்.

அப்புறம்தான் 2523 சி.சி. டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்‌ஷன், டீசலை நேரே சிலிண்டருக்குள் அடிப்பது) இன்ஜினுக்கு மாறினேன். டர்போ இல்லாதது. ஏன் இது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பெஜோவின் பிஸ்டன் ஓட்டம் 83 மி.மீ., இதற்கு 101.6. நீளமான ஓட்டம், மெதுவான சுற்று. பெஜோ நிமிஷத்துக்கு 4500 சுற்று வரை போகும். இது மூவாயிரத்துச் சொச்சத்திலேயே மூச்சை நிறுத்திவிடும். குதிரைசக்தி ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசமெல்லாம் எந்தச் சுற்றில் இழுவை கிடைக்கிறது என்பதில்தான். டி.ஐ.க்கு ஐடிலுக்கு, அதாவது மிதிக்காமல் ஓடுகிற சுற்றுக்கு, கொஞ்சம் மேலேயே கிடைத்துவிடும். கியர்பாக்ஸையும், ஆக்ஸிலுக்குள் இருக்கிற கிரவுன் பினியன் பல்சக்கரத்தையும் மாற்றாமல் மெதுவாகச் சுற்றுகிற இன்ஜினை வைத்தால் டாப் ஸ்பீடு குறையாமல் என்ன செய்யும்? வேலையைத் தொடங்குமுன்பே மெக்கானிக் அண்ணாச்சி சொன்னார்: "வேகம் வேணும்னா வேற வண்டி பாருங்க. இது இழுக்கும், ஓடாது." நான்தான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

2014 தை மாசம் வேலை நடந்தது. இன்ஜின், அதைக் கியர்பாக்ஸோடு சேர்க்கிற பெல் ஹவுசிங், கிளட்ச் செட், லேத்துக் கூலி, மவுண்டிங் பிராக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆனது. இன்ஜினை விற்றவர் "ஸ்லீவ், பிஸ்டன் புதுசு" என்று சத்தியம் செய்தார். எட்டே மாசத்தில் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. பிரித்தால், பிஸ்டன் ஓடுகிற ஸ்லீவில் விரல்நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். அந்த வகையில் இன்னொரு முப்பதாயிரம். பழைய இன்ஜின் வாங்குகிறவர்கள் ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

முதல்நாள் வீட்டு வாசலில் ஸ்டார்ட்டில் விட்டிருந்தேன். உள்ளே இருந்து அம்மா பேரனைக் கூப்பிடுவது கேட்டது: "ஏலே, உழவுக்கு யாரும் சொல்லியிருந்தோமா? டிராக்டர் வந்து நிக்குது பாரு." அவளைக் குற்றம் சொல்ல முடியாது. டீசலை நேரே பிஸ்டன் தலையில் அடிப்பதால் வருகிற அந்த 'டக டக' சத்தத்துக்கு மருந்தே இல்லை. அதே காரணத்தால்தான் மார்கழிக் காலையிலும் அரைச் சுற்றில் பிடித்துக்கொள்கிறது. ஹீட்டர் பிளக் சூடாகட்டும் என்று சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை ஒழிந்தது.

இழுவை எப்படி என்று கேட்டால் மலைநம்பி கோயில் பாதையைத்தான் சொல்வேன். போனவர்களுக்குத் தெரியும், உருண்டைப் பாறையும் வேருமாகக் கிடக்கிற காட்டுப் பாதை. புரட்டாசிச் சனிக்கிழமை வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால், பெஜோவில் லோ ரேஞ்சில் (ஃபோர்வீலின் மெதுவான, இழுவை கூடுதலான அடுக்கு) முதல் கியர் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். காலைத் தளர்த்தினால் ஆஃப் ஆகிவிடும். மிதித்தால் கல்லில் குதிக்கும், பின்னால் இருக்கிற சித்தி என்னைத் திட்டுவாள். இப்போது லோ ரேஞ்ச் ரெண்டாவது. காலை எடுத்துவிட்டுக்கூட உட்கார்ந்திருக்கலாம், வண்டி தானாக ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கிப் போகும். சித்தி பாராயணத்தைத் தொடர்ந்துகொண்டிருக்கிறாள்.

இன்னொன்று ஆடிக் காற்று. வள்ளியூர் தாண்டி காவல்கிணறு, ஆரல்வாய்மொழி பக்கம் எதிர்காற்றில் ஜீப் ஓட்டியவர்களுக்கு அது என்ன என்று தெரியும். சும்மாவா அங்கே இத்தனை காற்றாலை நட்டு வைத்திருக்கிறான். கதவு மாதிரி நிமிர்ந்து நிற்கிற முன்கண்ணாடி வேறு. பெஜோ அங்கே மூணாவது கியருக்கு இறங்கி அலறும். டி.ஐ. டாப் கியரிலேயே 55-ல் முட்டிக்கொண்டு போகிறது. ஆக, வேகம் குறைந்த வண்டியில் நாகர்கோவிலுக்கு முன்னைவிடக் கால்மணி நேரம் முந்திப் போகிறேன், அதுவும் ஆடியில் மட்டும்.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தோட்டத்துப் பாதை முழுக்க ஆறாக ஓடியது. வடிந்த பிறகு சகதியில் சொருகிக் கிடந்த லோடு ஆட்டோ மூணையும் ஒரு டிராக்டர் டிரெய்லரையும் இதில் கயிறு கட்டித்தான் இழுத்தோம். எல்லாமே மெக்கானிக்கல் பம்ப், நனைந்து கெட்டுப்போக கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஏர் ஃபில்டருக்குத் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கெட்டதையும் சொல்ல வேண்டும். இன்ஜின் கனம் கூடுதல். செயின் பிளாக்கில் தூக்கும்போதே தெரிந்தது. ஆறு மாசத்தில் முன் ஸ்பிரிங் பட்டை படிந்துபோய், பள்ளத்தில் ஆக்ஸில் இடிக்க ஆரம்பித்தது. பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்த்த பிறகு நின்றது. அதிர்வு இருக்கிறதே, அது தனிக் கதை. சைலன்ஸர் பிராக்கெட் நாலு தடவை விட்டது. பேட்டரி டெர்மினல் தானாகக் கழன்று நடுரோட்டில் நின்றிருக்கிறேன். இடது பக்க மவுண்டிங் வெல்டில் மயிரிழை விரிசல் கண்டு, உள்ளே தகடு வைத்து மறுபடி செய்தோம். பின் ஆக்ஸிலைச் சுற்றவைக்கிற புரொப்பெல்லர் ஷாப்டின் மூட்டு, யூ.ஜே. கிராஸ், ரெண்டு போயிற்று. பிரேக் நாலும் அதே பழைய டிரம்தான், வாழைத்தார் லோடோடு இறக்கத்தில் வரும்போது இன்ஜினை நம்பித்தான் வருகிறேன்.

மைலேஜ் பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்கு வந்திருக்கிறது. உதிரிபாகம் பாளையங்கோட்டையில் கேட்ட உடனே கிடைக்கிறது. எனக்கு அதுவே பெரிய லாபம்.

கிரவுன் பினியனை மாற்றினால் வேகம் கூடும் என்று பையன் சொல்லிக்கொண்டிருக்கிறான். கூடும். மலைநம்பியில் காலை எடுத்துவிட்டு ஏறுகிற சுகம் போய்விடும். மாட்டேன் என்றுவிட்டேன்.

காகிதம் முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் 52-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் வேறுவேறாக இருக்கக் கூடாது. நான் வேலைக்கு முன்பே மனுக் கொடுத்து, இன்ஜின் பில்லைக் காட்டி, புது இன்ஜின் நம்பரை ஏற்றிக்கொண்டேன். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் கறாராகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே இன்றைக்குச் செய்ய நினைப்பவர்கள் இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான்.

இப்போதைக்கு பெல் ஹவுசிங் அடியில் ராத்திரிக்கு ஒரு சொட்டு ஆயில் விழுகிறது. இன்ஜினின் பின் ஆயில் சீலாகத்தான் இருக்கும். ஏத்தன் வாழைத்தார் வெட்டு முடிந்ததும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இறக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடலாம்.